பாட்டி வீட்டுக் கோழியும் ஃபீனிக்ஸ் வெயிலும்

போன சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் என் கால்நடைக் கிளினிக்கைத் திறக்கும் முன்பே வாசலில் ஒரு கார் நின்றது. பின் சீட்டில் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று பஃப் ஆர்ப்பிங்டன் இனப் பெட்டைக்கோழிகள் விறைத்துக் கிடந்தன. நான்காவதை வீட்டம்மா மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான சாண்ட்லரிலிருந்து வந்திருந்தார். அலகு திறந்தபடி, கண் சொருகி, கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்த அதுவும் அரை மணி நேரத்தில் போய்விட்டது. பின்னால் நின்ற பெண் குழந்தை எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

கணவர் சொன்னார்: “நம்ம ஊர்ல மே மாச வெயில்ல குப்பையைக் கிளறிக்கிட்டு நிக்குமே டாக்டர்? எங்க பாட்டி வீட்ல வெயிலுக்கு ஒண்ணுகூட செத்து நான் பார்த்ததில்ல.”

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே வாக்கியத்தை இந்தக் கோடையில் மட்டும் ஏழாவது முறையாகக் கேட்கிறேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் சிடுசிடுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டி வீட்டுக் கணக்கை முடித்துவிடுவோம். நானும் பரமக்குடிப் பக்கம் வளர்ந்தவள்தான். அந்த நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். உடம்பு ஒல்லி, கால் நீளம், இறகு மெல்லிசு. பதினோரு மணிக்கு மேல் அது குப்பைமேட்டில் நிற்காது. வேலிக்கருவேலத்தின் அடியில் குழி பறித்து, ஈர மண்ணில் வயிற்றைப் பதித்து இறக்கையை விரித்துக் கிடக்கும். நீங்கள் பார்த்தது காலையும் மாலையும் மேய்ந்த கோழியை. மத்தியானம் நீங்களும் திண்ணையில் தூங்கிக்கொண்டுதானே இருந்தீர்கள்? ராத்திரி முருங்கை மரத்தில் ஏறி அடையும், நாலு பக்கமும் காற்று. தாங்காததெல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செத்துக் கழிந்து, தாங்கியது மட்டும் குஞ்சு பொரித்து வந்த வம்சம் அது. செத்ததைப் பாட்டி பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வெயில் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, கொண்டை, தாடி, இறகில்லாத கால் வழியாகச் சூடு தானாக வெளியே போகும். நம் ஊரில் 38, 39 என்றால் வேதனைதான், ஆனாலும் அந்த வழி அடைபடுவதில்லை. ஃபீனிக்ஸில் 110 பாரன்ஹீட் என்றால் 43 டிகிரிக்கும் மேல். அதாவது காற்றே கோழியைவிடச் சூடு. அந்த நொடியில் கொண்டையும் தாடியும் வேலையை நிறுத்திவிடுகின்றன. சூடு உள்ளே வர ஆரம்பிக்கிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி, மூச்சிரைத்துத் தொண்டை ஈரத்தை ஆவியாக்குவது. 2023-இல் இங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110-க்குக் குறையவில்லை. நம் ஊரிலிருந்து வந்தவர்கள் கணக்கில் எடுக்காத இன்னொன்று ராத்திரி. அதே ஜூலையில் ஒரு நாள் விடியற்காலைக் குறைந்தபட்ச வெப்பமே 97 பாரன்ஹீட், 36 டிகிரி. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் இறக்கிவைக்க முடியாத கோழி, மறுநாள் காலை ஏற்கெனவே பாதி தோற்ற நிலையில்தான் எழுந்திருக்கும். அதனால்தான் என்னிடம் வரும் சாவுகள் பெரும்பாலும் முதல் நாள் அனலில் நடந்தவை அல்ல; நாலாம் நாள், ஐந்தாம் நாள் சாவுகள்.

“ஃபேன் போட்டிருந்தோமே” என்பார்கள். 45 டிகிரி வறண்ட காற்றைக் காய்ந்த இறகின் மேல் வீசினால் என்ன ஆகும் என்று ஹேர் டிரையரைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஃபேனோடு ஈரம் சேர வேண்டும். ஏர் கூலரும் பனித்துளி போல் தூவும் மிஸ்டரும் மே, ஜூனில் நன்றாகவே வேலை செய்யும். அப்போது காற்றில் ஈரமே இருக்காது. ஜூலை பாதியில் மழைக்கால ஈரக்காற்று வந்ததும் அதே கூலர் கையை விரித்துவிடும். கோழியின் மூச்சிரைப்பும் அப்படித்தான், அதுவும் ஒரு ஏர் கூலர்தானே. ஜூனில் 115 பாரன்ஹீட்டைத் தாண்டி வந்த கோழி ஆகஸ்டில் 106-இல் விழுவதைப் பார்த்து “வெயில் குறைஞ்சப்புறம்தானே செத்துச்சு, வேற ஏதோ நோய்” என்று எனக்கு வாட்சப் அனுப்பாதீர்கள். அந்த வாரங்களுக்கு ஏசி போட்ட கராஜிலோ, துணி துவைக்கும் அறையிலோ மத்தியானம் மட்டும் ஒரு நாய்க்கூண்டில் இடம் ஒதுக்கி வையுங்கள். நாத்தம்தான். சகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது இனம். குஞ்சுப் பட்டியலைப் புரட்டும்போது குழந்தைகள் கை காட்டுவது எப்போதும் பஞ்சுப் பொதி போல் இருப்பதைத்தான்: ஆர்ப்பிங்டன், கொச்சின், பிரம்மா, சில்க்கி. ஆர்ப்பிங்டன் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உருவானது. வையண்டாட் என்ற இனத்தின் கொண்டை தலையோடு ஒட்டிச் சின்னதாக இருப்பது பனியில் கருகாமல் இருக்க வசதி. இங்கே யாருக்கு வேண்டும் அந்த வசதி? பிரம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்து “இது நம்ம இந்தியக் கோழிதானே, வெயில் பழகினதாச்சே” என்று வாங்கியவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிரம்மபுத்திராவின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. கோழி சீனத்து ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, இங்கே உருப்பெற்றது. பெட்டையே நாலு கிலோவுக்கு மேல், கால் விரல்வரை இறகு. இந்த ஊர் வெயிலில் அதை வளர்ப்பது பொங்கலுக்கு வாங்கிய கம்பளியை அக்னி நட்சத்திரத்தில் போர்த்திக்கொள்வது மாதிரி.

வாங்க வேண்டியது ஒல்லியான உடம்பு, பெரிய ஒற்றைக் கொண்டை, இறகில்லாத கால். வெள்ளை லெகார்ன் இரண்டு கிலோ சொச்சம், கொண்டை தொங்கும் அளவுக்குப் பெரிது, முட்டையும் தாராளம். மினோர்க்கா, அண்டலூசியன் இரண்டும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சொந்தங்கள். எகிப்தின் ஃபயூமி வெயிலுக்கு அசராது, ஆனால் கையில் பிடிபடாது; மடியில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கும் குழந்தைக்கு அது சரிப்படாது. என் தனிப்பட்ட சிபாரிசு மொட்டைக்கழுத்துக் கோழி. அந்த மரபணு ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து வந்தாலே இறகு ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு பக்கமும் வந்தால் ஐந்தில் இரண்டு. பார்க்கக் கழுகுக் குஞ்சு மாதிரி இருக்கும் என்று வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அழகுக்கு வளர்ப்பதானால் மீன் வளர்க்கலாம்.

குஞ்சை எப்போது வாங்குவது? பிப்ரவரி இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். மே மாதம் வாங்கி, கராஜில் வெப்ப விளக்கையும் போட்டு, பெட்டியோடு வேகவைத்த கதை எனக்குத் தெரியும். புத்தகத்தில் விளக்கு போடச் சொல்லியிருந்ததாம்.

கூண்டு விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். “ஆறு கோழிக்கு” என்று அட்டையில் எழுதியிருக்கும் அந்தச் சின்ன மரவீடு இரண்டு கோழிக்கே இறுக்கம். மூன்று பக்கம் பலகை, மேலே தார் ஒட்டிய கூரை, பனி தேசத்துக்குச் செய்தது. இங்கே சுவரே வேண்டாம்; கூரையும் நாலு பக்கமும் கம்பிவலையும் போதும். வலை என்றால் அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய கோழிவலையைச் சொல்லவில்லை, அதைக் கயோட்டி என்னும் இந்த ஊர் ஓநாய் பிய்த்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டி வலை. மேற்குப் பக்கம் நிழல்வலை இரண்டு அடுக்கு, கூண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. கொல்லையில் மெஸ்கீட் மரம் இருந்தால் கூண்டை அதன் அடியில் வையுங்கள். நம் வேலிக்கருவேலத்தின் பங்காளிதான் அது. பாட்டி வீட்டுக் கோழிக்குக் கிடைத்த நிழல் உங்களுக்கும் கிடைக்கும். அரளிச் செடியை அந்தப் பக்கமே அண்டவிடாதீர்கள்.

தண்ணீர். கோழி சூடான தண்ணீரைக் குடிக்காது, காய்ந்தாலும் கிடக்கும். கறுப்புப் பாத்திரத்தை வெயிலில் வைத்துவிட்டு “தண்ணி நிறைய இருந்துச்சே” என்றால் நான் என்ன செய்ய? நாலு கோழிக்கு மூன்று இடத்தில், நிழலில், காலை பத்து மணிக்கு ஒரு கட்டி ஐஸ். கூடவே கணுக்கால் நனையும் அளவு தண்ணீரோடு ஒரு தட்டு. நின்றுகொண்டு காலைக் குளிரவைத்துக்கொள்ளும். ஹோஸைத் திறந்து நேராகக் கோழி மேல் பீய்ச்சாதீர்கள். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வருவது தோலை வேகவைக்கும் வெந்நீர். இந்த ஊரில் குழந்தைகளுக்கே அப்படிச் சுட்டுக் காயமாகியிருக்கிறது.

மோர், வெந்தயம், இளநீர் எல்லாம் வருகிறது என் மேசைக்கு. மக்காச்சோளம் சூடு, கம்பு குளிர்ச்சி என்ற விவாதமும் வருகிறது. கோழிக்குப் பால் சர்க்கரை செரிக்காது, மோர் அதிகமானால் கழியும். தானியத்தில் சூடு, குளிர்ச்சி பார்ப்பதைவிட நேரத்தைப் பாருங்கள்: எந்தத் தீவனமும் செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாக்கும், தின்ற சில மணி நேரம் கழித்து அது உச்சத்துக்குப் போகும். விடியற்காலையில் தீவனம், பத்து மணிக்கு எடுத்துவிடுங்கள், சூரியன் இறங்கியபின் மறுபடியும். தர்ப்பூசணித் துண்டு கொடுக்கலாம், தப்பில்லை. அது நிழலுக்கு மாற்று கிடையாது. எலக்ட்ரோலைட் பொடியைக் கடும் வெயில் நாளில் சில மணி நேரம், பக்கத்தில் வெறும் தண்ணீரும் வைத்து. துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியில் வினிகர் ஊற்ற வேண்டாம். கோடையில் முட்டை குறையும், ஓடு மெலியும். மூச்சிரைத்தே கரியமில வாயுவை இழந்த உடம்பில் ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேராது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், விளக்குப் போட்டு முட்டையிடச் சொல்லிப் படுத்தாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் அத்தையின் பெட்டியில் என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் பாட்டில் வருவதும் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் 2005-இலிருந்து கோழிக்கு அது தடை. செல்லப்பிராணி என்று நீங்கள் நினைத்தாலும், முட்டை தின்னாவிட்டாலும், சட்டத்துக்கு அது உணவுப் பிராணி. வெயிலுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வரி: 2024-இல் அரிசோனாவில் வந்த சட்டப்படி தனி வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிவரை வளர்ப்பதை நகராட்சி தடுக்க முடியாது, சேவலைத் தடுக்கலாம். குடியிருப்புச் சங்க விதி அப்படியே இருக்கிறது, கூண்டு வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து இரைத்தால், அது இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். உடனே நிழலும் தண்ணீரும் பாருங்கள். தள்ளாடினால், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், கொண்டை வெளுத்தால் அல்லது கருநீலமானால் நிமிடக் கணக்கு. வாளியில் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் வேண்டாம்; கழுத்துவரை மெதுவாக அமிழ்த்தி இறகின் அடிவரை நனையுங்கள், தலை வெளியே இருக்கட்டும். பிறகு ஏசி அறை, நனைந்தபடியே ஃபேன். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. மூச்சுக்குழாய்க்குள் போய், வெயிலில் பிழைத்தது தண்ணீரில் சாகும். அலகின் ஓரத்தில் சொட்டு வையுங்கள், அது தானாக விழுங்கட்டும்.

இன்னொன்று. ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் எல்லாம் வெயில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். 2025 மே மாதம் ஃபீனிக்ஸ் இருக்கும் இதே மாரிகோபா கவுண்டியின் முட்டைப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் புகுந்து லட்சக்கணக்கில் போயின. அதுவும் திடீர்ச் சாவு, அதற்கும் கொண்டை கறுக்கும். முகம் வீங்கியிருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால், வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி வைத்து, எனக்கோ மாநிலக் கால்நடை அலுவலகத்துக்கோ முதலில் போன் செய்யுங்கள்; காரில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். வெயிலில் செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் மார்புச் சதை வெளுத்து, அரை வேக்காட்டில் இறக்கியது போல் இருக்கும். சனிக்கிழமை நான்கிலும் அதைத்தான் பார்த்தேன். அதைப் பார்க்க, செத்த கோழியின் உடல் அழுகாமல் என்னிடம் வர வேண்டும்: இரண்டு பை போட்டுக் கட்டி, ஐஸ் போட்ட தனிப் பெட்டியில், இருபத்துநாலு மணி நேரத்துக்குள். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு கெட்டு எனக்கு ஒன்றும் தெரியாது. ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.