வேப்பிலை போட்டும் அரிசியில் வண்டா?

மாரி மழை தொடங்கினால் திருகோணமலைக் குசினிகளில் முதலில் தலைகாட்டுவது அரிசி வண்டு. கடற்காற்றின் ஈரம் போதாதென்று மழை ஈரமும் சேர்ந்துவிடும். "வேப்பிலை போட்டனாங்கள், பிறகும் வருது" என்பதுதான் வழக்கமான முறைப்பாடு.

பெண் வண்டு அரிசிமணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டுத் துளையை அடைத்துவிடும். மணிக்குள்ளேயே வளரும் புழு, எங்கள் வெக்கைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். வேப்பிலை மணம் வெளியில் திரிவதைத்தான் ஒதுக்கும். மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. பிரீசர் இருந்தால் வாங்கிய அரிசியை ஒன்றிரண்டு கிலோப் பைகளாக இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். குளிர் போகுமுன் திறந்தால் அரிசி வியர்த்துவிடும். பிரீசர் இல்லாத வீட்டில் மூட்டையாக வாங்காமல் இரண்டு கிழமைக்கு மட்டும் வாங்குவதே மேல்.

வேப்பிலை போடுவதென்றால் நிழலில் காய்ந்தது, கசக்கினால் நொறுங்குவது. பத்துக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி, ஐந்தாறு செத்தல் மிளகாயுடன் மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள். பச்சை இலை பூஞ்சணத்தைத்தான் கொண்டுவரும். பழைய வாளியைக் கழுவிக் காயவைக்காமல் புது அரிசியைக் கொட்டினால் இத்தனையும் வீண். இடுக்கில் கிடக்கும் தவிட்டிலேயே வண்டு இருக்கும்.

எறும்புக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி. வரிசையின் மேல் தெளிப்பதைவிட, அது வந்த தடத்தைச் சுவர் வெடிப்பு வரை துடைப்பதே பலன். மணத்தடம் அழிந்தால் பின்னால் வருவன தடுமாறும். சிமெந்துத் தரையில் அடிக்கடி பூசினால் தரை அரிக்கும். வினாகிரி பட்ட இடத்தில் குளோரினோ ப்ளீச்சோ ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கறையானுக்குக் குசினி வைத்தியம் கிடையாது, ஆள் பிடியுங்கள்.

டெங்கு நுளம்பு விடிந்த பிறகும் பொழுது சாயுமுன்னும்தான் கூடுதலாகக் கடிக்கும். விளக்கு வைத்தபின் போடும் வேப்பம்புகை பிந்திய வேலை. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் புகையே வேண்டாம். நுளம்பு முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே வாளிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் போதாது. பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை தேங்காய்ப் பொச்சால் அழுத்தித் தேயுங்கள்.