13 வயதுப் பிள்ளைக்கு 90 சதவீதக் கார்பன் ஸ்டிக் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபி பார்க்கிறேன். பள்ளி ஹாக்கிப் போட்டிகள் நெருங்கினால் மணிக்கட்டு வலி, முழங்கை வலி என்று பிள்ளைகள் வர ஆரம்பிப்பார்கள். வரும்போது ஸ்டிக்கையும் கொண்டு வரச் சொல்வேன். பல நேரம் அதன் மேலே 90, 95 என்று அச்சடித்திருக்கும். 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண அனைத்துலக ஹாக்கிப் போட்டி பக்கத்து ஈப்போவில் நடக்கிறது; அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தேசிய ஆட்டக்காரர் பிடிக்கும் ஸ்டிக்தான் வேண்டும். அப்பாவும் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்துவிடுவார். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, கேட்டதைத்தானே கொடுப்பார்.

அந்த எண் கார்பனின் சதவீதம். கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைப்பாகும். அடிக்கும்போது வளைந்து கொடுக்காது. கையின் வேகம் வீணாகாமல் பந்துக்குப் போகும். பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) ஓங்கி அடிப்பவருக்கு அது லாபம். ஆனால், வரும் பந்தை நிறுத்தும்போது அதே விறைப்பு எதிராக வேலை செய்யும். 160 கிராம் அளவுள்ள கெட்டிப் பந்து மோதித் தெறிக்கும், அதிர்வு நேராகக் கைக்கு ஏறும். பிள்ளை பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் அதிர்வு இன்னும் கூடும். 13 வயதில் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் மென்மையான பகுதி, பொதுவாக மூடியிருக்காது. போதாததற்கு நம் தோட்டத்துத் திடல்களில் புல்லும் மேடுபள்ளமும். ஸ்டிக்கின் நுனி தரையில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்குவது மணிக்கட்டுதான்.

இணையத்தில் தேடுபவர்கள் ‘ஃபிளெக்ஸ்’ 50, 75 என்று கேட்டு வருகிறார்கள். அது ஐஸ் ஹாக்கிக் கணக்கு. ஸ்டிக்கை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதில் பாதியை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். நமக்கு அது உதவாது.

என் கணிப்பில், புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு மரம், இல்லையென்றால் ஃபைபர்கிளாஸ் மிகுந்த, கார்பன் 20, 30 சதவீதத்துக்கு மேல் போகாத ஸ்டிக் போதும். பள்ளி அணியில் நிலையாக ஆடுபவர் 50 வரை போகலாம். அதற்கு மேல் பயிற்றுநர் சொல்லட்டும். அராமிட் என்ற செயற்கை இழை கலந்தது கிடைத்தால் நல்லது, அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சும்.

ஸ்டிக்கின் தண்டு வில்போல் எவ்வளவு வளைந்திருக்கிறது என்றும் பாருங்கள். விதிப்படி 25 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. ஆனால் அவ்வளவு வளைந்து, வளைவும் கீழே இறங்கியிருந்தால், கற்றுக்குட்டி அடிக்கும் பந்து எழும்பி அடுத்தவர் முகத்துக்குப் போகும்.

நீளம்: நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து இடுப்பெலும்பு வரை. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள், அது பள்ளிச் சட்டை இல்லை. கனத்துக்கு, இடது கையால் மட்டும் கைப்பிடியின் மேல்முனையைப் பிடித்து நீட்டச் சொல்லுங்கள். உடனே கை நடுங்கினால் அதை வைத்துவிட்டு லேசானதை எடுங்கள்.

அண்ணன் ஆடிய பழைய ஸ்டிக் என்றால் கிரிப்பைப் பிரித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுக் கிரிப் சுற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் மறுநாள் வலி நிற்கவில்லையா? தைலம் தேய்த்துத் திடலுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.