மெடிகேப்: துண்டு விழும் தொகைக்கு ஒரு காப்பீடு

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் 2025இல் 65 வயதைத் தொட்டார். வாழ்த்துச் சொல்லப் போன் செய்தால் அண்ணிதான் எடுத்தார். "தம்பி, நீங்க தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் படிச்சவர்தானே, ஒண்ணு சொல்லுங்க. மெடிகேருக்கு மேலே கூடுதல் காப்பீடுன்னு ஒண்ணு எடுக்கணுமாம். கூடுதல்னா பல்லுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துத்தானே?"

இல்லை. பல்லுக்கு வராது, கண்ணாடிக்கு வராது, காதுக் கருவிக்கும் வராது. யாரோ ஒரு நண்பர் அவசரத்தில் 'கூடுதல்' என்று மொழிபெயர்த்துச் சொன்னதில் வந்த வினை. ஆங்கிலத்தில் அந்தப் பண்டத்துக்கு அலுவல் பெயர் மெடிகேர் சப்ளிமென்ட் இன்சூரன்ஸ். ஊர் வழக்கில் மெடிகேப். இரண்டில் எதைத் தமிழில் சொன்னாலும் 'கூடுதல்' என்ற சொல் அங்கே பொருந்தாது. ஏன் என்று பார்க்க, முதலில் மெடிகேரிலிருந்து வரவேண்டும்.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், ட்ரூமன் நூலகத்தில் வைத்து அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கே போனது. 1966 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்தைக் குறிக்கும் 'மெடிக்கல்', கவனிப்பைக் குறிக்கும் 'கேர்' இரண்டையும் ஒட்டி உருவான பெயர். இதை மொழிபெயர்க்க வேண்டாம். ஆதார் மாதிரி அது ஓர் இடுபெயர். மெடிகேர் என்றே எழுதலாம்.

இந்த மெடிகேரில் ஏ பகுதி மருத்துவமனைச் செலவுக்கு, பி பகுதி மருத்துவருக்கும் பரிசோதனைகளுக்கும். இரண்டுமே முழுப் பணத்தையும் கட்டுவதில்லை. 2025 கணக்குப்படி, மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,676 டாலர் நம் கையிலிருந்து போனது. வருடத்துக்கு ஒருமுறை என்றுகூட இல்லை. குணமாகி வீடு திரும்பி, 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடியும் 1,676. பி பகுதியில் 2025இல் வருடத்தின் முதல் 257 டாலர் நம்முடையதாக இருந்தது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பில்லிலும் பொதுவாக 20 சதவீதம் நம்முடையது. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. மெடிகேர் ஏற்கும் தொகை 40,000 டாலர் என்றால் ஏறக்குறைய 8,000 டாலர் நம் தலையில். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அது இதுதான். சில வருடங்களில் தூவானமே அடைமழையாகிவிடும்.

இப்படி மிச்சம் நிற்கும் தொகைகளுக்குத்தான் ஆங்கிலத்தில் 'கேப்' என்று பெயர் வைத்தார்கள். பழைய நார்ஸ் மொழியில் இந்தச் சொல்லுக்குப் பிளவு, பள்ளம் என்று பொருள். வாயைப் பிளந்து நிற்பதைச் சொல்லும் 'கேப்' என்ற நெடில் ஓசைச் சொல்லும் அதே குடும்பம். மெடிகேர், மெடிகேப்: தமிழில் எழுதும்போது கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. ஒன்று குடை, இன்னொன்று குடையில் இருக்கும் ஓட்டை. காப்பீட்டுக்கே ஓட்டையின் பெயரை வைத்தது விநோதம்தான். கொசுவலையைக் கொசு என்று கூப்பிடுகிற மாதிரி.

அலுவல் பெயரில் வரும் 'சப்ளிமென்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'சப்ளேரே' என்ற வினைக்கு நிரப்பு, குறைந்ததை முழுதாக்கு என்று பொருள். ஆக, ஊர்ப் பெயர் பள்ளத்தைச் சொல்கிறது, அலுவல் பெயர் அதை மண் போட்டு மூடுவதைச் சொல்கிறது. இரண்டு பெயரும் பார்க்கும் இடம் ஒன்றே. ஓரிரு விதிவிலக்கு போக, மெடிகேர் ஒப்புக்கொண்ட செலவில் மிச்சம் நிற்பதை மட்டும் இந்தக் காப்பீடு கட்டும். மெடிகேர் ஒப்புக்கொள்ளாத செலவை இதுவும் பொதுவாகத் தொடாது. மெடிகேர் பொதுவாகப் பல்லைப் பார்ப்பதில்லை. அதனால் மெடிகேப்பும் பல்லைப் பார்ப்பதில்லை. அண்ணியின் கேள்விக்குப் பதில் அந்த லத்தீன் வினைச்சொல்லுக்குள்ளேயே இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொதுவாகப் புழங்குவது 'துணைக் காப்பீடு'. துணைத்தேர்வு, துணை பட்ஜெட் என்று நமக்குப் பழகிய 'துணை'. தப்பில்லை, ஆனால் துணை என்றால் கூட வருவது என்றுதான் தோன்றும். எதை அடைக்கிறது என்று தெரியாது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 90 பாகைக்கு நிரப்புக் கோணம், 180 பாகைக்கு மிகை நிரப்புக் கோணம் என்று படித்திருப்போம். இரண்டாவதுதான் சப்ளிமென்டரி. 'நிரப்பு' நல்ல சொல். ஆனால் 'மிகை' சேர்ந்தால் மறுபடியும் கூடுதல் என்ற குழிக்குள் விழுவோம். 'இடைவெளிக் காப்பீடு' என்று நேராகப் பெயர்ப்பதும் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பொருளுக்கு நடுவே இருப்பது இடைவெளி. இங்கே நடுவில் எதுவும் இல்லை. கட்ட வேண்டிய தொகையில் குறைகிறது, அவ்வளவுதான். சம்பளம் போதாதபோது "மாசக் கடைசியில் துண்டு விழுது" என்கிறோமே, அந்தத் துண்டுதான் இந்தக் கேப்பின் அசல் தமிழ்.

'துண்டுக் காப்பீடு' என்று வைத்தால் தோளில் போடும் துண்டு நினைவுக்கு வந்து சிரிப்பார்கள். நான் கைகாட்டுவது இலங்கைத் தமிழை. அங்கே நாடாளுமன்றத்தில் துணை பட்ஜெட்டைக் 'குறைநிரப்பு மதிப்பீடு' என்பார்கள். குறை, நிரப்பு: பள்ளமும் மண்ணும் ஒரே சொல்லில். ஆங்கிலத்தில் இரண்டு பெயர் தேவைப்பட்ட இடத்தில் நம்மிடம் ஒன்றே போதுமாக இருக்கிறது. ஆகவே குறைநிரப்புக் காப்பீடு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்குக் குறைநிரப்புக் காப்புறுதி. காப்பீட்டின் 'ஈடு'ம் இங்கே பொருத்தம். ஈடுகட்டுதல் என்றாலே குறைந்ததைச் சமன் செய்வதுதானே.

சொல் சரியாக அமைந்தால் வாங்குவதும் சுலபமாகிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தெந்தக் குறையை நிரப்புவாய்? இதற்கு விற்பவர் இஷ்டத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்பது இதில் உள்ள நிம்மதி. எப்போதும் அப்படி இருக்கவில்லை. எழுபதுகளில் முகவர்கள் கேப்பில் கிடா வெட்டினார்கள். ஒரே முதியவருக்கு ஒன்றோடொன்று மோதும் பாலிசிகளை அடுக்கி விற்றார்கள். 1980இல் செனட்டர் மேக்ஸ் பாக்கஸ் பெயரில் வந்த திருத்தம் முதல் கடிவாளம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பாலிசிகளையும் எழுத்துப் பெயர் கொண்ட 10 வகைகளுக்குள் அடக்கியது. பிறகு சில எழுத்துகள் போயின, சில வந்தன. இப்போது ஏ, பி, சி, டி, எஃப், ஜி, கே, எல், எம், என். இவற்றில் சி, எஃப் இரண்டும் 2020 ஜனவரி 1 முதல் புதிதாக மெடிகேர் தகுதி பெற்றவர்களுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு. மற்றபடி எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் ஜி என்றால் ஜி. அடிப்படைப் பலன் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மாறுவது மாதக் கட்டணம். அதனால் "எங்கள் ஜி அவர்கள் ஜியைவிட நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அண்ணன் கடைசியில் 'ஜி' வகையா, 'என்' வகையா என்ற இடத்தில் வந்து நின்றார். 2025 கணக்கில் ஒரு பில்லை வைத்தே போட்டுப் பார்த்தோம். வருடத்தின் முதல் பில், பி பகுதியில் மெடிகேர் ஏற்ற தொகை 1,000 டாலர். முதல் 257 போக மீதி 743. அதில் 20 சதவீதம் 148.60. காப்பீடு ஏதும் இல்லாவிட்டால் கையிலிருந்து போவது 405.60. ஜி இருந்தால் 257 மட்டும், அதன்பின் அந்த வருடம் முழுக்க பி பகுதியில் சுழியம். 'என்' இருந்தாலும் அந்த 257 உண்டு. பிறகு மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் 20 டாலர் வரை, அவசரப் பிரிவுக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை. மெடிகேர் விலையை ஏற்காத மருத்துவர் சட்டப்படி 15 சதவீதம் வரை அதிகம் கேட்கலாம். ஜி அதைக் கட்டும், 'என்' கட்டாது. இதற்குப் பதிலாக 'என்' வகைக்கு மாதக் கட்டணம் குறைவு. வித்தியாசம் மாதம் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 360, அதாவது 18 தடவை மருத்துவரைப் பார்க்கும் காசு. சர்க்கரை, மூட்டு, கண் என்று மாதம் இரண்டு முறை போகிறவர்களுக்கு ஜி. வருடத்துக்கு நாலு தடவை எட்டிப்பார்ப்பவருக்கு 'என்' போதும் என்பது என் எண்ணம். கட்டணம் வயது ஏற ஏற ஏறும் வகையா, எல்லா வயதுக்கும் ஒன்றா என்பதையும் கேட்டுவிட வேண்டும். 65இல் மலிவாகத் தெரிவது 80இல் கழுத்தைப் பிடிக்கலாம்.

இங்கே ஒரு மொழிச் சிக்கல். மெடிகேருக்கும் ஏ, பி பகுதிகள் உண்டு. மெடிகேப்பிலும் ஏ, பி உண்டு. இரண்டும் வேறு வேறு. ஆங்கிலத்தில் முன்னதைப் பார்ட் என்றும் பின்னதைப் பிளான் என்றும் பிரிக்கிறார்கள். பிளானைத் 'திட்டம்' என்று எழுதினால் நமக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போல அரசு நடத்துவது என்று தோன்றும். மெடிகேப் விற்பதோ தனியார். ஏ பகுதி, ஜி வகை என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. அதேபோல முதலில் நாம் கட்டும் தொகையைக் 'கழிவு' என்று பெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் கழிவு என்றால் தள்ளுபடி என்றும் பொருள்; கொடுக்க வேண்டியவர் கிடைக்கும் என்று காத்திருப்பார். 'முதல் பொறுப்புத் தொகை' என்றால் நேராகப் புரியும்.

காலக்கெடு ஒன்று உண்டு, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 65 வயதும் பி பகுதியும் இரண்டும் கைக்கு வந்த மாதத்திலிருந்து 6 மாதம். அதற்குள் கேட்டால் எந்த நோய் இருந்தாலும் எந்த நிறுவனமும் மறுக்க முடியாது, அதைக் காட்டிக் கட்டணத்தையும் ஏற்ற முடியாது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டிய 6 மாதம் அது. அப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே போக முடியும். நியூயார்க், கனெக்டிகட் போன்றவை விதிவிலக்கு. ஏ, பி பகுதிகளின் பலனைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் என்ற சி பகுதிக்குப் போனவர்கள் மெடிகேப்பை அதன்மேல் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் போன பெற்றோரும், தொடர்ந்து 5 வருடம் அங்கே வசித்திருந்தால், 65க்குப் பிறகு பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். ஏ, பி இரண்டும் இருந்தால் மெடிகேப்பும் வாங்கலாம். அவர்கள் வருடா வருடம் ஊருக்கு வருவார்கள். மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே பொதுவாகச் செல்லாது. 'ஜி', 'என்' உள்ளிட்ட சில வகைகள் வெளிநாட்டு அவசரச் சிகிச்சையில் 250 டாலருக்கு மேற்பட்டதில் 80 சதவீதம் தரும். வாழ்நாள் உச்சம் 50,000 டாலர், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நேர்ந்ததற்கு மட்டும். மார்கழிக் கச்சேரிக்கு வந்து பங்குனி உத்திரம் வரை தங்குகிறவர்கள் நாளை எண்ணிக்கொள்வது நல்லது.

எழுதும்போது குறைநிரப்புக் காப்பீடு என்று 'க்' போட்டு எழுதுங்கள். ஆங்கில எழுத்தை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், குறிப்பாக 'என்' வகையை. அண்ணன் கடைசியில் அதைத்தான் எடுத்தார். அண்ணி கோப்பின்மேல் தமிழில் "என் காப்பீடு" என்று எழுதி வைக்க, "அப்ப என்னோடது எங்கே?" என்று அண்ணன் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்.