டேப்பிஸ்ட்ரி: சித்திரக் கம்பளம்

சுவரில் மாட்டும் நெய்த படத்தை ஆங்கிலத்தில் டேப்பிஸ்ட்ரி என்பார்கள். மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல் வந்தால் பெரும்பாலும் ‘திரைச்சீலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சன்னலில் தொங்குவதும் திரைச்சீலைதானே!

டேப்பிஸ்ட்ரியில் படம் தறியிலேயே உருவாகிறது. தூரிகையும் இல்லை, ஊசியும் இல்லை. குறுக்கே ஓடும் கம்பளி, பட்டு ஊடை நூல்கள், நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களை முழுக்க மூடிவிடும். ஒவ்வொரு நிற ஊடையும் தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். இங்கே ஒரு முகத்துக்குள்ளேயே பல நிறங்கள் அப்படித் திரும்பும்.

சொல்லின் வேர் கிரேக்கம். கம்பளத்தைக் குறித்த ‘டாபேஸ்’ இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் ‘டாப்பி’ ஆனது. அதிலிருந்து வந்தது ‘டாப்பிஸ்ரி’. டச்சுக்காரர்கள் ‘வாண்ட்டபெய்ட்’ என்கிறார்கள், அதாவது சுவருக்கான கம்பளம். இத்தாலியர்கள் நெசவுக்குப் பேர்போன பிரான்சின் அராஸ் நகரத்தின் பெயரையே வைத்து ‘அராட்ஸோ’ என்றார்கள்.

செலவு அதிகம் பிடிக்கும் பண்டம் என்பதால் அரசர்கள் இதைத் தங்கள் வெற்றி விளம்பரமாக வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயினையும் நெதர்லாந்தையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ், வட ஆப்பிரிக்காவின் துனிஸ் மீதான தன் படையெடுப்பை பிரஸ்ஸல்ஸில் 12 கம்பளங்களாக நெய்ய வைத்தார். அவர் மகன் இரண்டாம் பிலிப்பை எதிர்த்துக் கிளம்பிய டச்சுக்காரர்கள், அதே ஆயுதத்தை அந்தக் குடும்பத்தின் மீதே திருப்பினார்கள். 1585இல் ஆண்ட்வெர்ப் நகரம் ஸ்பெயினிடம் விழுந்த காலத்தில் தெற்கிலிருந்து, அதாவது இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து, நெசவாளர்கள் வடக்கே குடிபெயர்ந்ததும் அதற்கு வசதியாகிவிட்டது. அவர்களில் ஒருவர், டெல்ஃப்ட்டில் தறி போட்ட பிரான்சுவா ஸ்பீரிங்.

1591இல் நெதர்லாந்தின் ஸேலாந்து மாகாண ஆட்சிமன்றம் அவரிடம் ஒரு கம்பளத்துக்குச் சொல்லி அனுப்பியது. வரைந்து கொடுத்தவர் கப்பல் ஓவியர் ஹென்ட்ரிக் வ்ரூம். பிறகு வந்தவற்றை மாகாணத் தலைநகர் மிடல்பர்க்கில் யான் டி மாக்ட் நெய்தார். மொத்தம் ஆறு: ஐந்தில் கடற்போர்கள், ஆறாவதில் மாகாணத்துச் சின்னங்கள். இன்றும் மிடல்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முதல் கம்பளம் 1574 ஜனவரியில் பெர்கன் ஒப் ஸோம் அருகே நடந்த போரைக் காட்டுகிறது. டச்சுக்காரர்களின் முற்றுகையில் பட்டினி கிடந்த மிடல்பர்க்கைக் காப்பாற்றக் கிளம்பிய ஸ்பானிஷ் கப்பல்கள் அதில்தான் தோற்றன. ஆம், அப்போது மிடல்பர்க் ஸ்பெயின் கையில் இருந்தது. அடுத்த மாதமே சரணடைந்தது. தன்னை மீட்க வந்தவர்களின் தோல்வியை வெற்றியாகச் சுவரில் மாட்டிக்கொண்ட ஊர் வேறெங்காவது இருக்குமா, தெரியவில்லை!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கே பணம் கொடுத்தது அரசன் இல்லை, மாகாண மன்றம். லைடன், ஹார்லம் நகரங்களும் இதே வழியில் தங்கள் பெருமையை நெய்து வைத்தன.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘எழினி’ அழகான பழஞ்சொல், ஆனால் அது மேடைத் திரை. ‘சுவர்க்கம்பளம்’ டச்சுச் சொல்லுக்கு நேர். வேகமாகப் படித்தால் சுவர்க்கத்துக்குப் போய்விடும். ‘சித்திரக் கம்பளம்’ என்பதே என் தேர்வு: கம்பளியும் படமும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. தொழிலைச் சொல்லும்போது ‘சித்திர நெசவு’ எனலாம். பெயரில் டேப்பிஸ்ட்ரி இருந்தாலும் பிரான்சின் புகழ்பெற்ற பேயோ சீலைக்கு இது பொருந்தாது. அது லினன் துணியில் ஊசியால் போட்ட பூத்தையல்.