கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

என்னிடம் விமான டிக்கெட் போட வருகிறவர்களில் பலர் இப்போது கணக்கோடுதான் வருகிறார்கள். இணையத்தில் தூரத்தைப் பார்த்து, மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, "இவ்வளவு நேரம்தானே ஆகும்?" என்பார்கள். தூரம் சரிதான். அந்த நேரத்தை நம்பி அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போடும்போதுதான் வம்பு வருகிறது.

அந்தத் தளங்கள் அளப்பது, உருண்டைப் பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள மிகக் குறுகிய பாதையை. விமானம் அச்சுப் பிசகாமல் அதிலேயே போவது அபூர்வம். 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுமார் 9 மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி (பின்லாந்து)–டோக்கியோ பயணம் சுற்றிப் போக வேண்டியதாகி 13 மணி நேரத்தைத் தொட்டது. கணிப்பானோ இன்றைக்கும் அதே தூரத்தைத்தான் காட்டும்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் 5,500 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் போக ஏறக்குறைய 7 மணி நேரம். எதிர்க்காற்றில் திரும்ப 8 மணி நேரம் பிடிக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் புயல் காற்றின் தயவில் 5 மணி நேரத்துக்குள்ளேயே லண்டனில் இறங்கிவிட்டது. அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

டிக்கெட்டில் உள்ள பயண நேரம் வேறு வகை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை அதில் அடக்கம். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதற்குள்தான். எனவே டிக்கெட்டையே நம்புங்கள்.

விலை குறைகிறதே என்று இரண்டு தனித்தனி பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இணைப்பு விமானம் போடுகிறவர்களுக்கு ஒன்று: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. பெரும்பாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். வெளியே வர அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். என்னைக் கேட்டால், இரண்டு மணி நேர இடைவெளியில் இப்படிப் போடவே கூடாது.

இன்னொன்று, டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். டோக்கியோவில் மாலையில் ஏறினால், லாஸ் ஏஞ்சலிஸில் அதே தேதி காலையில் இறங்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை வராது. வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்றிருந்தால் மறுநாள். அழைக்க வருகிறவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் ஏமாறுவது நள்ளிரவு விமானத்தில். 15ஆம் தேதி 00:30 என்றால், 14ஆம் தேதி இரவு சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் அத்தகைய டிக்கெட்டில் '14 இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில்' என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.