மலை ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

மலை ஊற்றில் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்துப் போகிறவர்களைக் கேட்டால், தெளிவாக இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது, குளோரின் வாடை இல்லை என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அது குடிக்கத் தகுந்ததா என்பதை இந்த மூன்றில் எதுவும் சொல்லாது. மழையாக விழுந்த அந்தத் தண்ணீர் எது வழியாக, எவ்வளவு மெதுவாக நம் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

மலைமேல் பெய்யும் மழையில் கொஞ்சம் சரிவில் ஓடிவிடும், கொஞ்சத்தைச் செடிகொடிகள் எடுத்துக்கொள்ளும், மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். இறங்கும் வழியில் களிமண் அடுக்கோ வெடிப்பில்லாத பாறையோ குறுக்கிட்டால், அதற்குமேல் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவு அந்த அடுக்கை எங்கே வெட்டுகிறதோ அங்கே வெளியே வருகிறது. அதுதான் ஊற்றுக்கண். வெறும் மழையா இவ்வளவு தண்ணீரைத் தருகிறது என்ற சந்தேகம் பழையது. கடல்நீர்தான் பூமிக்கடியில் ஏறி வந்து ஊற்றாகிறது என்றுகூட ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். 1674-ல் பிரான்சின் பியர் பெரோ, செய்ன் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழை அங்கே நதியில் ஓடும் நீரைப்போல 6 மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

மண் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்பது பொய்யில்லை. மணல் இடுக்குகளில் கிருமிகள் சிக்கும், துகள்களில் ஒட்டிக்கொள்ளும், இருட்டில் உணவில்லாமல் சாகும், மண்ணில் வாழும் மற்ற நுண்ணுயிர்களுக்கு இரையாகும். ஆனால் இது எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். சுண்ணாம்புக்கல் மலையில் அந்த நேரமே கிடைப்பதில்லை, ஏனென்றால் மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகையும் குழாயுமாக வழி செய்துவிடும். ஜெர்மனியில் டான்யூப் நதி நிலத்துக்குள் மறையும் இடத்தில் 1877-ல் சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்று சுமார் 60 மணி நேரத்தில் பச்சையாக ஓடியது. அப்படி வருவது வடிகட்டப்பட்ட நீரே அல்ல, மண்ணுக்கடியில் ஓடிவந்த ஆற்றுத் தண்ணீர்.

இதைவிட முக்கியமான கதை சுவிட்சர்லாந்தின் லௌசன் கிராமத்துடையது. 1872-ல் அங்கே டைபாய்டு பரவியது. ஊர் குடித்தது மலையடி ஊற்று நீரை. சொந்தக் கிணற்று நீரைக் குடித்த வீடுகள் தப்பிவிட்டன. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் ஏற்கெனவே டைபாய்டு நோயாளிகள் இருந்தார்கள், அவர்கள் கழிவு அங்கிருந்த ஓடையில் கலந்துகொண்டிருந்தது. ஹேக்லர் என்ற மருத்துவர் அந்தப் பக்கத்தில் நீர் இறங்கும் குழியில் நிறைய உப்பைக் கரைத்து ஊற்றச் செய்தார், ஊற்று உப்புக் கரித்தது. அடுத்து மாவைக் கரைத்து ஊற்றினார்கள், அது வரவே இல்லை! அதாவது மாவுத் துகளைப் பிடித்து நிறுத்திய அதே மண், அதைவிடச் சிறிய கிருமியை விட்டுவிட்டது. டைபாய்டு கிருமியை யாரும் அடையாளம் காணாத காலம் அது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1880-ல்தான்.

சரி, நம் ஊற்று எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனைக்கு ஒரு வெப்பமானி போதும். 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடையும் குளிரும் ஏறத்தாழ எட்டுவதில்லை, அதனால் ஆழத்திலிருந்து மெதுவாக வரும் நீர் வருடம் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும். பருவத்துக்குத் தகுந்தபடி மாறினால் அது மேலோட்டமான நீர். பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள், தண்ணீர் கலங்கியிருந்தாலோ திடீரெனப் பெருகியிருந்தாலோ அதை நம்பவே கூடாது. ஊற்றுக்கு மேல் சரிவில் மாட்டுப்பட்டி, கழிப்பறைக் குழி, உரம் போட்ட வயல் இருக்கிறதா என்றும் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

மண்ணால் எடுக்க முடியாதவையும் உண்டு. ஃபுளூரைடும் ஆர்சனிக்கும் பாறையிலிருந்தே கரைந்து வருபவை, நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது. எதற்கும் நிறமில்லை, நாக்குக்கும் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு இன்னும் செறிவுதான் ஆகும். இதற்கு ஆய்வகப் பரிசோதனை ஒன்றே வழி. அதிலேயே, நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ. கோலை பாக்டீரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மாதிரியை மழைக்குப் பிறகு எடுங்கள், வறண்ட நாளில் எடுத்த மாதிரி நல்ல பக்கத்தை மட்டும்தான் காட்டும்.

பிடிக்கும்போது ஊற்றுக்கண்ணிலேயே பிடிக்க வேண்டும். கீழே தேங்கிய குட்டையில் மிருகங்கள் வாய் வைத்திருக்கும், அங்கே ஜியார்டியா மாதிரி குடல் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். கேனை நீருக்குள் முக்காமல் விழும் நீரில் பிடியுங்கள். அப்புறம் வீட்டில் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கட்டும், 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் 3 நிமிடம், ஏனென்றால் அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேறுபவர்கள் எடுத்துப்போகும் சின்ன வடிகட்டிகள் பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸ்களைப் பெரும்பாலும் நிறுத்தாது. ஆறிய நீரை ஊற்றிலிருந்து கொண்டுவந்த அதே கேனில் திரும்ப ஊற்றாமல், கழுவிக் காயவைத்த வேறு பாத்திரத்தில் மூடி வையுங்கள். மறுபடி கிருமி சேர்ந்தால் தடுக்க அதில் குளோரின் இல்லை.