கூலண்ட் ஆயிலில் ஆயில் இல்லை

கூலண்ட்: இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டுபோய் வெளியே விடும் பொருள். தமிழில் குளிர்விப்பான். வண்டியில் ஊற்றுவதற்குக் குளிர்விப்பு நீர்மம் என்பது இன்னும் பொருத்தம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் 'கூலண்ட் ஆயில்' என்பார்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில் வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார்கள். உள்ளே இருப்பதோ தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும், கொஞ்சம் துருத்தடுப்பு மருந்தும்தான். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. ரேடியேட்டருக்குள் எண்ணெய் கலங்கிக் கிடந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. ஆகவே 'ஆயில்' என்ற அந்த வாலை வெட்டிவிடுவதே நல்லது.

ஆங்கிலத்தில் 'கூல்' என்ற சொல்லோடு, 'லூப்ரிகண்ட்' போன்றவற்றில் வரும் 'அண்ட்' என்ற லத்தீன் வழி விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. ஒரு வேலையைச் செய்யும் பொருளைக் குறிக்கும் விகுதி அது. ஒலிபெருக்கியில் உள்ள 'இ', அழிப்பானில் உள்ள 'ஆன்' இரண்டும் தமிழில் அதே வேலையைச் செய்கின்றன. குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை, அதிலிருந்து குளிர்விப்பான். குளிரூட்டி என்று எழுதுவோரும் உண்டு. அந்தச் சொல்லை ஏசி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இங்கே போட்டால் குழப்பம்தான். கூலண்ட் நீர்மமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கல்பாக்கத்தின் வேக ஈனுலை என்னும் அணு உலையில் உருகிய சோடியம் அந்த வேலையைச் செய்கிறது; பிரிட்டனின் சில அணு உலைகளில் கரியமில வாயு. பொதுச்சொல்லாகக் குளிர்விப்பானை வைப்பதற்கு இதுவே காரணம்.

இத்தனை சொன்ன பிறகும் பெயரில் ஒரு கோளாறு இருக்கிறது. சூட்டைச் சுமப்பதில் கிளைக்காலைவிடத் தண்ணீரே கெட்டி. கிளைக்காலைச் சேர்ப்பது கொதிநிலையை ஏற்றவும் உறைநிலையை இறக்கவும்தான். சரிபாதிக் கலவை உறைய, வெப்பம் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸுக்கு இறங்கவேண்டும். மதுரையில் ஓடும் காருக்கு அந்த உறைதடுப்பு தேவையே இல்லை. ஆனால் துருத்தடுப்பு மருந்து தேவை. வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

கிளைக்கால் என்ற பெயர் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1856இல் வைத்தது. கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது என்பதால் இரண்டின் பெயரையும் கலந்தார். கிளிசரினின் வேர் 'இனிப்பு' என்னும் கிரேக்கச் சொல். பொருளும் இனிப்புதான், ஆனால் நஞ்சு. பழைய கூலண்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்து வைக்கவே கூடாது. குழந்தையோ நாயோ வாய்வைத்தால் சிறுநீரகம் போய்விடும். சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டக்கூடாது.

பழைய கூலண்ட்டை அகற்றி மாற்றும் வேலைக்கு 'ஃப்ளஷ்' என்பார்கள். அலசுதல் என்ற நம் சொல் அப்படியே பொருந்துகிறது: நீரை உள்ளே விட்டு ஓடவைத்து வெளியேற்றுவது. வீட்டில் செய்வதானால் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பழையதை ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வழியே ஒரு பாத்திரத்தில் வடித்து, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் நீர்வழியைத் திறக்கும் அடைப்பான்) திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி வடிக்கவேண்டும். வரும் நீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம். எவ்வளவு வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் அலசிய நீர் தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், உள்ளே தங்கியது 2 லிட்டர் என்று வையுங்கள். கடையில் கலந்தே விற்கும் சரிபாதிக் கலவை 3 லிட்டர் ஊற்றினால் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். பாதிக்குப் பதில் 30 விழுக்காடு. கலக்காத அடர் கூலண்ட் வாங்கி, கொள்ளளவில் பாதியை, அதாவது இரண்டரை லிட்டரை, முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினால் கணக்கு சரியாக வரும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம். வண்டிக் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும்.

கடைசியாக, நீர்வழியில் காற்று சிக்கிக்கொள்ளும் 'ஏர் லாக்'. காற்றடைப்பு என்றால் போதும். நிரப்பியபின் மூடியைத் திறந்துவைத்தே சற்று ஓடவிட்டால், அல்லது காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தினால், குமிழ்கள் வெளியேறி மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடவேண்டும்.